மணிக்கட்டில் ஊர்ந்த தம்பலப்பூச்சி

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் எனக்குச் சோறு பிடிக்காமல் போயிற்று. அப்போது மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறையில் துளை போட்டுவிட்டு, விடிந்ததும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருவேன். தட்டி வீட்டில் போய்ப் படுத்தால் தூக்கம் வராது. கல் இடிக்கும் மில்லின் சத்தத்தில் பாயே அதிரும். வயிறு எரியும். மருந்து குடித்தும் கேட்கவில்லை.

முதல் மழை பெய்த மறுநாள் காலை, சுரங்க ஷாப்ட் வாசலில் என் மனைவி தூக்குச்சட்டியோடு நின்றிருந்தாள். அவள் அங்கே வந்ததே இல்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக் கேட்டேன்.

"ஒண்ணும் ஆவலை. வூட்டுக்கு வேணாம், எங்கூட வாங்க," என்றாள்.

பக்கத்துச் சுரங்கமான பாலகாட் தாண்டி, அவள் விறகு பொறுக்கும் பாறைக்காட்டுக்கு நடந்தோம். தூங்க வேண்டியவனை அலையவிடுகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். ஒரு மேட்டைத் தாண்டியதும் மில் சத்தம் தேய்ந்துபோயிற்று. வெடிமருந்துப் புகையே குடியிருந்த மூக்கில் ஈரமண் வாசனை ஏறியது. அவள் உட்கார்ந்து தரையைக் காட்டினாள்.

தரை நகர்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். தம்பலப்பூச்சிகள். ஊரில் ஒன்றிரண்டு பார்த்ததுண்டு. இங்கே கால் வைக்க இடமில்லை. குங்குமச் சிவப்பில், பட்டு போர்த்தியதுபோல், பாறை இடுக்கெல்லாம் ஊர்ந்தன. நான் தினமும் குடைகிற மண்ணிலா இத்தனை நாளும் இவை ஒளிந்திருந்தன?

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டேன். ஊர்வது கண்ணுக்குத்தான் தெரிந்தது. சம்மட்டி பிடித்துக் காய்த்த கையில் உணர்ச்சியே இல்லை. அவளிடம் சொன்னேன். அவள் என் கையைத் திருப்பி, பூச்சியை மணிக்கட்டின் உட்புறம் மெல்ல விட்டாள். எட்டுக் காலும் தனித்தனியாகத் தெரிந்தாற்போல் இருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

"தெரியுதா?"

"தெரியுது," என்றேன்.

அவள் கொண்டுவந்த களியைக் கீரையோடு முழுக்கத் தின்றேன். அந்தப் பாறை நிழலிலேயே தூங்கினேன். முகத்தில் வெயில் சுட்டபோதுதான் விழிப்பு வந்தது.

சில நாளில் பூச்சிகள் மறைந்துவிட்டன. நாங்கள் போவதை நிறுத்தவில்லை. பாறைக்குழித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, குருவிச் சத்தம் கேட்டபடி சும்மா உட்கார்ந்திருப்போம். வயிற்றெரிச்சல் கொஞ்சங்கொஞ்சமாக அடங்கியது.

அங்கே என்னைக் கூட்டிப்போக எப்படித் தோன்றிற்று என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்த புதுசுல தெனம் இங்க வந்துதான் அழுவேன்," என்றாள். "அம்மா வூட்டு நெனப்பு. இதையெல்லாம் பாத்துகினு இருந்தா அழுகை நின்னுடும்."

ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அவள் விறகைக் கட்டத் தொடங்கினாள். நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.