முன்தோட்டத்தில் மூன்று பலகைகள்

தேர்தல் மாதம் வந்துவிட்டால் இந்த ஆங்கிலேயர் நாட்டில் வீடுகள் பேசத் தொடங்கிவிடுகின்றன. வாசலுக்கு முன்னால் இருக்கும் கையகலப் புல்தரையில் ஒரு தடியை நட்டு, தாங்கள் விரும்பும் கட்சியின் நிறத்தில் ஒரு பலகையை அடித்துவிடுவார்கள். தெருவில் போகிற எவருக்கும் தெரியும்: இது சிவப்பு வீடு, இது நீல வீடு, இது செம்மஞ்சள் வீடு. முப்பது வருடங்களுக்கு மேலாக இங்கே இருந்தும் எனக்கு இது பழகவில்லை. யாருக்கு வாக்குப் போட்டோம் என்பதைக் கட்டிய மனைவிக்கே சொல்லாத மனிதர்களிடம் வளர்ந்தவன் நான். மனதில் இருப்பதை மதிலில் எழுதி வைப்பதை நாங்கள் துணிச்சல் என்று சொல்லமாட்டோம், விசர் என்போம்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு முன்னால்தான், இந்த வசந்தத்தில் ஒரு நாள், மூன்று பலகைகள் நின்றன. நான் பஸ் சாரதி. அதிகாலை ஷிப்ட் முடித்துச் சட்டனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால், குப்பைத் தொட்டிகளுக்கும் என் மனைவி விஜயாவின் ரோசாச் செடிக்கும் இடையில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, செம்மஞ்சள் ஒன்று. தரிப்பிடத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. தபால்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கடிதங்கள் கீழே விழுந்தன. குற்றவாளி நான்தான். வெவ்வேறு மாலைகளில் மூன்று கட்சிக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். மூவரும் நல்ல பிள்ளைகள், மூவரும் மழையில் நனைந்திருந்தார்கள். எங்களுக்கு உங்கள் ஆதரவு உண்டா? உண்டு. ஒரு பலகை வைக்கலாமா? தாராளமாக. கதவுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஓம் என்றுதான் வரும்.

எங்கள் வீடு ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளின் வரிசையில் இருக்கிறது. இடப்பக்கம் ஜேனட், பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், சிவப்பு. வலப்பக்கம் கோலின், மின்சார வேலை செய்தவர்; நீலம். ஐரோப்பாவோடு இருப்பதா விலகுவதா என்று நாடு முழுக்க வாக்கெடுத்த அந்த வருடத்தில் இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னர் ஜேனட்டின் வீட்டில் லைட் எரியாவிட்டால் கோலின் வீட்டுச் செருப்போடே உதவிக்கு ஓடுவார். இப்போது கோலினின் ஏணி ஜேனட்டுக்குத் தேவைப்பட்டால், அதை நான் எனக்கென்று இரவல் வாங்கி, பின்பக்கத்தால் ஜேனட்டிடம் கொடுப்பேன். ஏணி எங்கே போகிறது என்று கோலினுக்குத் தெரியும். யாருடைய ஏணி என்று ஜேனட்டுக்கும் தெரியும். இருவரும் என்னிடம் நன்றி சொல்வார்கள். இதை ஒரு பெரிய சாமர்த்தியம் என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பலகைகளைக் கண்ட ஜேனட் "வெரி ஃபன்னி, நேதன்" என்று என் தோளில் தட்டினார். சிவநாதன் என்ற என் பெயரில் இவர்களின் வாய்க்கு வசதியான பாதி அதுதான். அரசியல்வாதிகளைக் கேலி பண்ணுவதற்காக நான் யோசித்துச் செய்த வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். கோலின், மூன்று குதிரையிலும் பந்தயம் கட்டியிருக்கிறாய், கெட்டிக்காரன் என்று கண்ணடித்தார். நான் இரண்டு பேரிடமும் சிரித்து வைத்தேன். அது கேலியும் இல்லை, கெட்டித்தனமும் இல்லை, பயத்தில் சொல்லிப் பழகிய ஓம் என்று எந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது?

சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. எங்கள் தெரு முனையில், பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால், வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பாதசாரிக் கடவை வேண்டும். அந்த வளைவில் எத்தனை தடவை பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். முந்திய மாரியில் கோலினின் மனைவி பற் அங்கே ஒரு மோட்டார் சைக்கிளில் இடிபட்டார். இப்போது அவர் தடி ஊன்றித்தான் நடக்கிறார். கடவை வேண்டாம் என்று தெருவில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார். ஆனாலும் கவுன்சிலுக்கு இரண்டு மனுக்கள் போயின. ஜேனட்டின் மனு நீலக் கட்சியின் செலவுக் குறைப்பைத் திட்டித் தொடங்கியது. கோலினின் மனு சிவப்புக் கட்சியின் ஊதாரித்தனத்தைத் திட்டித் தொடங்கியது. ஜேனட்டின் ஆட்கள் கோலினின் தாளைத் தொடவில்லை, கோலினின் ஆட்கள் ஜேனட்டின் தாளைத் தொடவில்லை. இரண்டிலும் கையொப்பம் போட்ட ஒரே மனிதன் நான். கவுன்சிலிலிருந்து பதில் வந்தது: இரண்டு மனுவிலும் போதிய பெயர்கள் இல்லை. ஒரு பெயர் இரண்டிலும் காணப்படுவதால் அது இரண்டிலிருந்தும் நீக்கப்படுகிறது.

அந்தக் கடிதத்தை ஜேனட் கொண்டுவந்து காட்டினார். "ஓ, நேதன்" என்றார். அன்று பின்னேரம் கோலின் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், என்னைக் கண்டும் காணாதது போல உள்ளே போய்விட்டார். இரண்டு பக்கத்துக்கும் ஓம் சொன்னவன் இரண்டு பக்கத்திலும் இல்லாமல் போனேன். வெட்கமாக இருந்தது. பலகைகளைப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் இருந்தபோது, பல வருடங்களாக நான் நினைக்காமல் தள்ளி வைத்த ஒருவர் மனதில் வந்து நின்றார்.

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் திருச்செல்வம். ஆயுதம் தூக்கிய இயக்கங்கள் பல இருந்த காலம் அது. ஒரு கிழமை ஓர் இயக்கத்துப் பெடியள் வந்து சோற்றுப் பார்சல் கேட்பார்கள். அடுத்த கிழமை மற்ற இயக்கம் வரும். அப்பா எல்லோருக்கும் "ஓம் தம்பி, அதுக்கென்ன" என்பார். ஆமி வந்து கேட்ட கேள்விகளுக்கும் அதே தலையாட்டல்தான். எங்கள் மதிலில் ஒருவர் ஒட்டிய நோட்டீசுக்கு மேல் இன்னொருவர் ஒட்டுவார். நாங்கள் ஒட்டவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. பிறகு இயக்கங்கள் ஒன்றையொன்று சுடத் தொடங்கின. அப்போதுதான் மனேஜர் ஒரு கடிதம் எழுதினார். தம்பிமாரே, நீங்கள் எல்லோரும் எங்கள் பிள்ளைகள், சுடுவதை விட்டு இருந்து பேசுங்கள் என்று இரண்டு பகுதிக்கும் ஒரே கடிதம். கீழே தன் கையொப்பத்தைப் போட்டு, ஊராரின் கையொப்பத்துக்காக வீடு வீடாகப் போனார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா அவருக்கும் ஓம் என்றுதான் சொன்னார். "வையுங்கோ மனேஜர், வாசிச்சுப்போட்டுப் போட்டுவிடுறன்." கடிதம் மூன்று நாள் ரேடியோவுக்குக் கீழே கிடந்தது. நாலாம் நாள் படலையில் சைக்கிள் மணி கேட்டதும், அப்பா அறைக்குள் போய் என்னிடம், "நான் இல்லையெண்டு சொல்லு, கடிதத்தைக் குடுத்துவிடு" என்றார். நான் சொன்னேன். மனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் அவருடைய ஒரு கையொப்பம் மட்டும் இருந்தது. கோபிக்கவில்லை. "பரவாயில்லையடா தம்பி" என்றுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். இரண்டு கிழமையில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எந்தப் பகுதி என்று இன்றைக்கும் தெரியாது. திரும்பி வரவில்லை. அப்பாவும் நானும் அவருடைய மனைவியைப் பார்க்கப் போனோம். ஒழுங்கை முடக்கில், அவர் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில், இரண்டு பெடியள் சைக்கிளோடு நின்றதைக் கண்டதும் அப்பா திரும்பி நடந்தார். நானும் திரும்பினேன்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. ஆறு பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்த மனிதர். ஆனால் எல்லோருக்கும் தலையாட்டுவதை நடுநிலை என்று எனக்குள் நான் சொல்லி வைத்திருந்தேனே, அது பொய். எங்கள் ஊரில் நடுவில் நின்றவர் ஒருவர்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சொல்லை, தன் பெயரைப் போட்டுச் சொன்னவர். தலையாட்டிகளான நாங்கள்தான் அவரைத் தனியாளாக்கினோம். ஐம்பது பெயர் அந்தத் தாளில் இருந்திருந்தால் யாரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்?

அந்தச் சனிக்கிழமை செம்மஞ்சள் கட்சிப் பெண் வந்தாள். எங்கள் முன்தோட்டத்தைப் பற்றி அவளுடைய அலுவலகத்தில் ஒரே சிரிப்பாம். "எந்தப் பலகையை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், மூன்றையும் கழற்றப் போகிறேன் என்றேன். "அப்படியானால் நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. நடுவில் நிற்கிறீர்கள். எங்கள் கட்சி உங்களைப் போன்றவர்களுக்குத்தான்" என்று துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். அதில் இங்கே எங்களால் மட்டும்தான் வெல்ல முடியும் என்று ஒரு பெரிய வரைபடம். உண்மையைச் சொன்னால், அவர்களின் பேச்சு எனக்குப் பிடிக்கும். எதிராளியைப் பேய் என்று சொல்லமாட்டார்கள். கத்திக் கத்திக் களைத்த நாட்டில் மெல்லப் பேசுகிறவரைக் கண்டால் மனம் கொஞ்சம் சாயத்தான் செய்யும். எங்கள் ஆட்கள் சிலர் அவர்களை மதில்மேல் பூனை என்று நையாண்டி பண்ணுவார்கள். நானும் பண்ணியிருக்கிறேன், அதே மதிலில் இருந்துகொண்டு. நான் அவளிடம் சொன்னேன்: "நான் முடிவெடுத்துவிட்டேன், பிள்ளை. சிலவேளை என் வாக்கு உனக்குத்தான். ஆனால் நடு என்பது ஒரு நிறமில்லை. அதற்குப் பலகை அடிக்க முடியாது." அவள் தலையைச் சரித்து, "ஆகவே உங்களை 'ஒருவேளை' என்று குறித்துக்கொள்கிறேன்" என்று கைத்தொலைபேசியில் தட்டினாள்.

பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினேன். மேசையில் இருந்து கவுன்சிலின் மனுத்தாளில் ஒரே ஒரு வசனம் எழுதினேன்: இந்த வளைவில் மனிதர்கள் பயமில்லாமல் வீதியைக் கடக்க ஒரு கடவை வேண்டும். விஜயா பின்னால் நின்று வாசித்தாள். அவளுக்கு இது பிடிக்கவில்லை.

"உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை? இவ்வளவு காலமும் ஒருத்தரையும் பகைக்காமல் இருந்தனாங்கள்."

"இருந்தனாங்கள் இல்லை, விஜயா. ஒளிச்சனாங்கள்."

"ஒளிச்சதாலதான் உயிரோட இருக்கிறம்."

"ஓம். அது அங்கை. இஞ்சை எங்களை ஒருத்தரும் சுடப் போறதில்லை. கூடிப்போனால் கதைக்காமல் விடுவினம். அதுக்கும் பயந்தால் நான் என்னத்துக்கு வந்தனான்?"

அவள் குசினிக்குள் போய்விட்டாள். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

ஜேனட் வாசித்துவிட்டு, நல்லது, ஆனால் செலவைக் குறைத்தது யார் என்று ஒரு வரி சேர்க்கவேண்டும் என்றார். நாக்கு நுனியில் அந்தப் பழைய ஓம் வந்து நின்றது. விழுங்கினேன். "இல்லை, ஜேனட்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, இடம் போதாது என்று நினைத்து, பின்பக்கத்தில் எழுதலாமே என்றார். "இடம் இருக்கிறது. சேர்க்கமாட்டேன். கோலினிடம் போகும்போதும் இதே வசனம்தான் போகும்." அவருடைய முகம் சிவந்தது. கதவை மெல்லத்தான் சாத்தினார். கோலினின் வீட்டில் கேள்வி வேறு: அந்த அம்மா போட்டாரா? இன்னும் இல்லை என்றேன். அவர் போடுகிற தாளில் நான் போடமாட்டேன், எனக்கு வேறு தாள் கொண்டுவா என்றார். "இல்லை, கோலின். ஒரு தாள்தான்." அவர் தாளைத் திருப்பித் தந்தார். "நீ ஒத்துப்போகிறவன் என்று நினைத்திருந்தேன், நேதன்." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனாலும் வீட்டுக்கு ஓடவில்லை. தெருவின் மற்ற வீடுகளையும் தட்டினேன். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அது என்ன பதில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவரும் போடவில்லை. தாளில் என் கையொப்பம் மட்டும் இருந்தது.

வந்து படலையில் தாளைக் கிளிப் போட்டு, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். நானும் அதற்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். முதலில் வந்தவள் விஜயா. தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, பேனாவை எடுத்து, தமிழில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். பிறகு வலப்பக்கக் கதவு திறந்தது. கோலினின் மனைவி பற், தடியை ஊன்றி ஊன்றி வந்தார். "இடிபட்டது நான். கோலின் இல்லை" என்றார். தாளைப் பார்த்தவர் நின்றார்.

"முதலாவது வரியை விட்டுவிட்டாயே. மறந்துபோனாயா?"

"மறக்கவில்லை. அது வேறொருவருடைய இடம்."

"யார்? எங்கள் தெருவா?"

"இல்லை. அவருடைய விலாசம் இந்த வட்டாரத்தில் இல்லை. கவுன்சில் ஏற்றுக்கொள்ளாது."

அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. மேற்கொண்டு கேட்காமல் விஜயாவின் பெயருக்குக் கீழே கவனமாகப் போட்டார். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற ஜேனட் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். பற் போட்ட கையொப்பத்தைப் பார்த்தார், அவருடைய தடியைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். கோலின் இதுவரை போடவில்லை. நாளைக்கும் அவருடைய கதவைத் தட்டுவேன், மறுநாளும் தட்டுவேன். எனக்கு ஏணியும் வேண்டும், ஆனால் இம்முறை அது யாருக்கு என்று சொல்லியே கேட்பேன்.

படலையில் அந்தத் தாள் இன்னும் தொங்குகிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். என் பெயர் இரண்டாவது வரியில், சட்டன் விலாசத்தோடு, சிவநாதன் என்று முழுதாக இருக்கிறது. இந்தத் தெருவில் யார் வந்து போட்டாலும், எங்கள் ஊர் மனேஜரின் அந்த வெறும் வரிக்குக் கீழேதான் போடுகிறார்கள்.