தின்னரில் கழுவிய கை

டின்னைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். ஆழமாக ஓர் இழுப்பு. கண்கள் செருக, "சரக்கு சுத்தம்!" என்று தீர்ப்பு வரும். கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் மாஸ்டருக்குத் தின்னர் என்பது சர்வரோக நிவாரணி. பெயின்ட்டைக் கரைக்க அது, ஸ்ப்ரே கன்னை அலச அது, சட்டையில் கிரீஸ் பட்டால் அது. மாலையில் முழங்கை வரை கழுவிக்கொள்ளவும் அதுதான். "சோப்புப் போட்டுத் தேச்சிக்கிட்டிருந்தா எப்ப வீடு போய்ச் சேர்றது?"

அதற்காக உடம்பைப் பற்றிக் கவலையற்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்பார். வீட்டில் கொசுவர்த்தி ஏற்றினால் ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பார். "இந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாதுன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று மனைவிக்கு வகுப்பும் எடுப்பார். முதலாளி வாங்கிக் கொடுத்த முகமூடியும் கையுறையும் மட்டும் பிரிக்காத கவரோடு பட்டறை ஆணியில் தொங்குகின்றன. "அத மாட்டினா மூச்சு முட்டுதுங்க!"

சாயங்காலமானால் தலை வலிக்கும், கிறுகிறுக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. இதிலிருந்து அவர் கண்டறிந்த உண்மை: "எல்லாம் முதலாளி மூஞ்சியப் பாக்கறதால வர்றது." உள்ளங்கை வெடிப்புக்கு வெயில் பொறுப்பு. ஒருநாள் பால் பொங்கித் தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். அடுப்புக்கு அருகிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாஸ்டர், "என்னங்க, இவ்வளவு அவசரமா?" என்று விசாரித்தார்.

மகள் கைக்குழந்தையோடு வந்தபோதுதான் வினை வந்தது. இவர் தூக்கினால் பேத்தி தும்முகிறாள், முகம் சுளிக்கிறாள், வீறிடுகிறாள்.

"அப்பா, இந்த நெடி குழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கையில வாசனை போற வரைக்கும் அவளைத் தொடாதீங்க."

"என்ன வாசனை? எனக்கு ஒண்ணும் வரலையே!" என்று கையை முகர்ந்து காட்டினார்.

"உங்க மூக்கு எப்பவோ ரிட்டயர் ஆயாச்சு. அதைப் போய்ச் சாட்சிக்குக் கூப்பிடறீங்களே!" இது சமையலறையிலிருந்து மனைவி.

அன்றுமுதல், நேரமில்லை என்று ஒதுக்கிய சோப்பைக் கரையக் கரையத் தேய்த்து, மகளிடம் கையை நீட்டுகிறார். மகள் முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். பால்காரர்கூடப் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகிறார். தாத்தா கதவோரம் நின்று வேடிக்கை பார்க்கிறார்.

நேற்று பட்டறையிலிருந்து திரும்பியவர் கையில் அந்த ஆணிக் கவர் இருந்தது. குளித்துவிட்டு வந்தார். கவரைப் பல்லால் கிழித்தார். முகமூடியை மாட்டி, கையுறைகளை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தொட்டிலை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.