கூப்பிட்டால் பதில் சொல்லும் பெட்டி

அண்ணன் போய் நான்கு மாதம் கழித்து அம்மா முதன்முதலாக ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டாள். மாட்டுங்காவில் அவள் சமையல் வேலை செய்யும் வீட்டில் இருப்பது போல ஒரு சின்ன ஸ்பீக்கர்.

"உள்ளங்கை அளவுதான் இருக்கும். மாமி அடுப்படியில நின்னுக்கிட்டே அதக் கூப்பிட்டு குட் மார்னிங் சொல்லுவா. உடனே அதுவும் மாமி பேரச் சொல்லி குட் மார்னிங் சொல்லும். எத்தன தடவ கூப்பிட்டாலும் பதில் சொல்லுது, ஏளா."

அந்த நான்கு மாதமும் அம்மா அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தாராவியில் எங்கள் சந்தில் விடிவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிடும். முதலில் குழாய் காற்றை ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா மேலே பார்த்து அண்ணனைக் கூப்பிடுவாள். எங்கள் அறைக்குள் தலைக்கு மேல் ஒரு பலகைத் தட்டு உண்டு, மாளா என்போம். அங்கே படுத்திருப்பவன் கண்ணைத் திறக்காமலே ஏணியில் இறங்கி வந்து டிரம்மை நிரப்புவான். அவன் போன பிறகும் குழாய் ஊதியது, அம்மாவும் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகு தானே குடத்தை எடுப்பாள். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். எழுந்து உதவியதே இல்லை. எழுந்தால் அவள் கூப்பிட்டது என் காதில் விழுந்துவிட்டது என்று ஆகிவிடும்.

அண்ணனின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத முயன்றேன், முடியவில்லை. கோவண்டியில் ஒரு குடோனில் லோடிங் வேலை பார்த்தான். ஒரு நாள் சாயங்காலம் ஹார்பர் லைன் ரயிலில் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவன் வீடு வந்து சேரவில்லை. அவனுடைய மொபைல் மட்டும் ஒரு பாலித்தீன் பையில் வந்தது. மூலையில் ஒரு கீறல், அவ்வளவுதான். சமையல் கேஸ், ரேஷன், பேங்க் எல்லாமே அந்த நம்பரில்தான் இருந்தன. அதனால் மாதாமாதம் நான் அதற்கு ரீசார்ஜ் செய்தேன். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். மிச்சம் இருந்தது அம்மாவும் நானும்தான்.

அண்ணனின் சிநேகிதர் ஒருவர் நைன்டி ஃபீட் ரோட்டில் மொபைல் கடை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். அவர் மூன்று பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"பெரியம்மா, இது பெருசு. பாட்டு கேக்க ஜோரா இருக்கும். ஆனா ஒங்க ரூம்ல இத வச்சா நீங்க ரெண்டு பேரும் சந்துலதான் படுக்கணும்."

அம்மா அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இது சின்னது. ஆனா பேட்டரி கெடையாது. எந்நேரமும் பிளக்குலயே கெடக்கணும்."

"பிளக் ஒண்ணுதான்ண்ணே இருக்கு," என்றேன். "அதுல போட்டோ லைட்டு எரியுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் போட்டோவுக்கு அந்தச் சின்ன பல்பைப் பொருத்திக் கொடுத்ததே அவர்தான்.

"அப்ப இதான் சரி, தங்கச்சி. பேட்டரி இருக்கு. ஒரு தடவ சார்ஜ் போட்டா அர நாள் ஓடும்."

"மிக்ஸி போட லைட்டக் கழட்டுதோம்லா," என்றாள் அம்மா. "அப்படியே இதயும் போட்டுக்கிடலாம். தமிழ் பேசுமா?"

"அரைகுறையா இருக்கும் பெரியம்மா. ஹிந்தி நல்லாப் பேசும்."

"எங்கூட ஹிந்தி பேசாதவன் இந்த ஊர்ல யாரு இருக்கா. அத விடு. இத என்ன பேரச் சொல்லிக் கூப்பிடணும்?"

"கம்பெனிக்காரன் மூணு நாலு பேரு குடுத்திருக்கான். அதுல ஒண்ணு வச்சுக்கலாம்."

"நமக்கு வேணுங்கிற பேர வைக்க முடியாதா?"

"முடியாது பெரியம்மா."

அம்மா பெட்டியின் மூடியை மூடி அவர் பக்கம் தள்ளினாள். "அப்ப வேண்டாம்ப்பா," என்று எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றாள். எந்தப் பெயரை வைக்க நினைத்தாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. சுத்தமாக இருந்த கண்ணாடியை அவர் மறுபடியும் துடைத்தார்.

நான் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். அம்மா மேலே பார்த்துக் கூப்பிடுவது நின்றால் போதும் என்றிருந்தது. யாருடைய குரலாக இருந்தாலும் சரி, அந்த அறைக்குள் ஒரு குரல் பதில் சொன்னால் போதும்.

சாயங்காலம் நானே அதை ஓட வைத்தேன். ஏழாவதோடு பள்ளியை விட்டவள் நான். சட்டைகளில் பிசிறு நூல் வெட்டும் வேலை. இங்கிலீஷில் எழுத்து தெரியும், வாக்கியம் புரியாது. என் மொபைல் என்னோடு வேலைக்கு வந்துவிடும், வீட்டில் நெட் இருக்காது. அதனால் வீட்டிலேயே கிடக்கும் அண்ணன் மொபைலோடு ஸ்பீக்கரைச் சேர்த்தேன். அது ஏதேதோ கேட்டது. கேட்டதற்கெல்லாம் ஓகே அழுத்தினேன்.

மறுநாள் தண்ணீர் பிடித்து முடித்து அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கூப்பிட்டுக் குட் மார்னிங் சொன்னேன். நீல விளக்கு ஒன்று சுற்றி வந்தது. ஒரு பெண் குரல் குட் மார்னிங் சொல்லி, அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அம்மாவின் கை அரிசித் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. நான்கு மாதமாக எங்கள் வீட்டில் அந்தப் பெயரை அம்மாவைத் தவிர யாரும் சொன்னதில்லை.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லு," என்றாள்.

அன்று அவள் மாட்டுங்காவுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. டீக்கு மூன்று டம்ளர் எடுத்து வைத்தாள். கேட்டதற்கு, "அவன் இங்கதான் இருக்கான்னு அது நெனச்சுக்கிட்டு இருக்கு. அதுகிட்ட யாரும் சொல்லல போல," என்றாள். வேலை முடிந்து நான் சந்துக்குள் திரும்பும்போதே அண்ணனின் பெயர் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் பெயர். அந்தக் குரலில் சோகம் இல்லை. அவன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது போலச் சாதாரணமாகக் கூப்பிட்டது. எனக்கு வீட்டுக்குள் போகவே பயமாக இருந்தது.

அடுத்த வீட்டு அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏளா, ஒங்க வீட்டுல அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுறது யாரு? எனக்கு ஈரக்கொல நடுங்குது. ஒங்க அம்மாவப் பாத்துக்கோ. அவளும் போயிட்டா நீ ஒத்தைல நிப்ப."

உள்ளே போய் அண்ணன் மொபைலை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அவர் மொபைலை வாங்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒங்க அண்ணன் ஐடியிலயே போட்டுட்ட. அதுக்கு அவன்தான் வீட்டுக்காரன். பேசுறதெல்லாம் அவன்னு நெனைக்குது. இந்தக் கட்டத்துல இருக்கிற பேர அழிச்சிட்டு வேற பேரு போடு. ரெண்டு நிமிசம்."

"நீங்களே அழிச்சிருங்கண்ணே."

"என்னால முடியாது," என்று மொபைலை என் கையில் திணித்தார். "காலியா விட்டா எடுத்துக்காது. யாரு பேராவது போடணும்."

வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டி மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். போட்டோவின் விளக்கு அணைந்திருந்தது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். கட்டம் காலியானது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டத்தில் முதலில் என் பெயரைப் போட்டேன். அதன் பின்னால் 'அம்மா' என்று சேர்த்தேன். எங்கள் ஆட்கள் ஒரு பெண்ணை அவள் மூத்த பிள்ளையின் பெயரோடு அம்மா என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். இரண்டாவதாகப் பிறந்த என் பெயரைச் சேர்த்து என் அம்மாவை யாரும் கூப்பிட்டதில்லை. எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மிக்ஸி நின்றது. "என்ன செய்யுத?"

"அண்ணன் பேர அழிச்சிட்டேன்மா. வேற பேரு போடணுமாம்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் விளக்கை மறுபடி பிளக்கில் மாட்டிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் பொறந்ததுலேர்ந்து என்னய ஒருத்தரும் எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. இப்ப கூப்பிட வாயத் தொறக்காங்க, பாதியில நிறுத்திக்கிடுதாங்க. 'ஏக்கா'ங்காங்க, 'யம்மா'ங்காங்க, ஏதோ ஊருக்குப் புதுசா வந்தவளக் கூப்பிடுத மாதிரி. அவன் பேரக் கேட்டா நான் நொந்துருவேனாம்." போட்டோவைப் பார்த்தாள். "அவன் இல்ல. எனக்குத் தெரியாதா? ஆனா நான் அவன் அம்மா இல்லன்னு ஆயிருமா? அவன் பேரப் போடு. பின்னால அம்மான்னு போடு."

திரையில் இருந்த என் பெயரை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவளுக்குப் படிக்க வராது. அதை அழித்துவிட்டு அவள் சொன்னபடி போட்டேன்.

மறுநாள் குழாய் காற்றை ஊதியதும் அம்மா கூப்பிடுவதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். பைப்பை வாசலுக்கு உள்ளே இருந்த டிரம்முக்குள் விட்டேன். அவள் மேலே பார்த்தாள், கூப்பிடவில்லை. பெட்டியிடம் குட் மார்னிங் சொன்னாள். அது அண்ணனின் பெயரையும் 'அம்மா'வையும் ஹிந்திக்காரி மாதிரி இழுத்து, ஒன்றாகச் சேர்த்துச் சொன்னது.

"என்ன?" என்றாள் அம்மா. சந்திலிருந்து யாராவது கூப்பிட்டால் முன்பெல்லாம் சொல்வாளே, அதே குரல்.

கதவு திறந்திருந்தது. குழாயடியில் நின்ற அடுத்த வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். பிறகு அவளும் அதே பெயரைச் சொல்லி, "...அம்மா, டிரம்மு வழியுது பாருங்க," என்றாள். அம்மா, "இந்தா வாரேன்," என்று குழாயை மூட வெளியே போனாள்.

அறையில் நானும் அந்தப் பெட்டியும் மட்டும். மாளாவில் அவன் படுக்கை சுருட்டியபடி இருந்தது. மெல்லப் பெட்டியைக் கூப்பிட்டுக் குட் மார்னிங் சொன்னேன். அது என்னையும் அண்ணனின் அம்மா என்றே கூப்பிட்டது. அம்மா மாதிரியே 'என்ன?' என்று கேட்டுவிட்டு டிரம்மை நகர்த்தினேன்.