பொன்மணியிடம் இரண்டாம் முறை எடுத்த ரத்தம்

திருத்தங்கலில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமில்தான் முனியராஜ் பொன்மணியை முதன்முதலில் பார்த்தான். உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து, நடுவில் இருமிக்கொண்டாள்.

"தம்பி, சட்டுனு எடுத்து விடுங்க. கம்பெனி வேனை விட்டா போர்மேன் என் எடத்துல வேற ஆளை உக்கார வச்சிருவாரு."

"வெறும் வயித்துலதான வந்திருக்கீக?"

"பச்சத் தண்ணி பல்லுல படல."

வெறும் வயிறு என்று எழுதிக்கொண்டு ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தான்.

முனியராஜ் அவன் வீட்டின் முதல் பட்டதாரி. ஆய்வகப் படிப்பு முடித்து, மதுரை மருத்துவர்களின் ஆய்வு ஒன்றில் வேலை பார்த்தான். நாம் தின்பதெல்லாம் உடம்புக்குள் உடைந்து, நுண்ணிய வேதிப்பொருள்களாக ரத்தத்தில் ஓடுகிறது. நுரையீரலில் புற்றுக்கட்டி முளைத்தால் அவற்றின் அளவுகள் மாறக்கூடும். அந்த மாற்றத்தைப் பார்த்து யாரை முதலில் ஸ்கேனுக்கு அனுப்பலாம் என்று தேடுவதுதான் ஆய்வு.

பொன்மணிக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். அலுமினியப் பொடி அவள் நகக்கண்ணில் வெள்ளியாக மின்னும். மாசியில் பிடித்த இருமலுக்கு டாக்டர் கொடுத்த டானிக் பாட்டில்கள் மூன்று காலியாகியிருந்தன.

பத்து நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தது. "பொன்மணியுடையது வெறும் வயிற்று ரத்தம் இல்லை. ஒதுக்கிவிட்டோம்."

ஒதுக்கிய பெயர் ஸ்கேன் பட்டியலுக்குப் போகாது. முனியராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த இருமல் காதிலேயே நின்றது. மறுநாள் காலை வேன் நிற்கும் இடத்துக்கே வண்டியை விட்டான். பொன்மணியின் ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"வாயில என்னக்கா?"

"வெல்லம்."

"அன்னைக்கும் போட்டிருந்தீகளா?"

"அது தெனமுந்தான். நெஞ்சுல தூசி ஒட்டாம இருக்கப் போட்டுக்கிறது. இதப் போயி யாராச்சும் சாப்பாடும்பாகளா?"

அவனுக்குச் சுருக்கென்றது. அவன் அம்மாவும் இப்படித்தான் கன்னத்தில் வெல்லத்தை ஒதுக்கிக்கொண்டு தீப்பெட்டி வேலைக்குப் போனவள். தெரிந்த அவனே கேட்காமல் விட்டுவிட்டான்.

"தப்பு என்மேலதான்க்கா. நாளைக்கு இது இல்லாம வாங்க. இங்கனயே வச்சு எடுக்கேன்."

"தீவாளி சீசன் முடியட்டும் தம்பி."

"அம்புட்டு நாள் தாங்காதுக்கா. ரெண்டே நிமிசம்."

மறுநாள் அவன் ஐஸ் பெட்டியோடு நின்றான். வேனிலிருந்து, பொன்மணியோடு வேலை பார்க்கும் குருவம்மாள் தலையை நீட்டினாள்.

"ஏலே, பொண்ணு பாக்க வந்தியா, ரத்தம் பாக்க வந்தியா?"

வேனுக்குள் ஒரே சிரிப்பு. டிரைவர் வெள்ளைத்துரை ஹாரனை அமுக்கினார். "சீக்கிரம் முடிலே! வசவு எனக்குல்ல விழும்."

பொன்மணி வேன் படியிலேயே உட்கார்ந்து கையை நீட்டினாள். "வெல்லம் போடாம நெஞ்சு கமறுது. இதுக்கும் பெறகு வந்தீகன்னா ஊசிய ஒங்க கையிலயே குத்திருவேன்."

ரத்தத்தை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

அடுத்த வாரம் அவள் பெயர் ஸ்கேன் பட்டியலின் மேலே வந்தது. ரத்தத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் பேசும் என்றார்கள் ஆய்வு மருத்துவர்கள். தீபாவளிக்கு இருபது நாள். ஸ்கேனுக்குப் போனால் வேலையில் இடம் போகும். போவதா வேண்டாமா என்று இரண்டு நாளாகத் தவித்தவள், மூன்றாம் நாள் தானே முனியராஜுக்குப் போன் செய்தாள். "ஸ்கேனுக்கு வண்டி எத்தன மணிக்கு?"

வலது நுரையீரலில் கொண்டைக்கடலை அளவு கட்டி. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது.

"பீடி வாசமே ஆகாது எனக்கு" என்றாள் டாக்டரிடம், அவர் ஏதோ தவறாக எழுதிவிட்டது போல.

பரவுவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இப்போது பொன்மணி திருத்தங்கலில் தன் வீட்டில் இருக்கிறாள். கம்பெனியில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடுத்த ஸ்கேன் தை மாதம்.