ரெட்டியார்பாளையத்து ஜனாதிபதி

தலைவரை நினைத்தால் முதலில் கண்ணில் தெரிவது அவருடைய தடித்த கறுப்பு மார்க்கர்தான். அமெரிக்க ஜனாதிபதி ஆணையில் கையெழுத்திட்டு, அதைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்த மறுநாள் வாங்கியது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு அவர் தலைவர். கணினி வேலை பார்ப்பவள், எதையும் வரிசைப்படுத்தி எழுதுவாள் என்று செயலாளர் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். தலைவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காவலாளிக்கு அவர் ‘முசியே’, பிரெஞ்சில் ‘ஐயா’. கையெழுத்திட்டதும் தாளை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பார். காவலாளி படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

தொடக்கத்து ஆணைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மோட்டாரை எப்போது போடுவது, குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்பதெல்லாம் சங்க விதிகள் அவர் பொறுப்பில் விட்டவைதான். அமெரிக்க ஜனாதிபதியின் ஆணையும் ஏறக்குறைய அப்படித்தான். அரசமைப்பும் சட்டமும் தன்னிடம் விட்டதை எப்படி நடத்த வேண்டும் என்று அதிகாரிகளுக்குச் சொல்லலாம். புதிதாகச் சட்டம் செய்ய முடியாது. எல்லை மீறினால் நீதிமன்றம் தடுக்கலாம். அடுத்து வருபவர் ஒரே கையெழுத்தில் ரத்து செய்யலாம். இதை விளக்கினால், “அவரு போட்டா நாடே ஆடுது. நான் போட்டா மோட்டார் மட்டும்தான் ஓடணுமா?” என்பார்.

ஒருநாள் புது ஆணை வந்தது: ‘விற்பனைக்குச் சமைத்த சாப்பாடு வளாகத்துக்குள் நடமாடக் கூடாது.’ சாப்பாடு எடுக்க வரும் வண்டிகளின் ஹாரன் அவருடைய மதியத் தூக்கத்தைக் கெடுத்ததாம். மூன்றாம் மாடி அக்கா, கணவர் இறந்த பிறகு, கேரியர் சாப்பாடு போட்டுத்தான் மகளைக் கல்லூரியில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். “அடுப்ப அணைச்சுட்டா அவ ஃபீஸுக்கு எங்கம்மா போவேன்?” என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இது உங்கள் அதிகாரத்தில் இல்லை, பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

மறுநாள் மதியம் அவரே பசியோடு கீழே காவலாளியிடம் இறங்கி வந்தார். மனைவி பாரிஸில் மகள் வீட்டில் இருந்ததால் அவருக்கும் அக்கா சாப்பாடுதான்.

“என் கேரியர் எங்கப்பா?”

“மாடிப்படியில நடமாடிச்சு முசியே. புடிச்சு வெச்சிருக்கேன்.”

“எனக்கு வந்தத ஏன்யா புடிச்ச?”

“ஆருக்குன்னு ஆர்டர்ல போடலியே முசியே.”

அங்கேயே மார்க்கரை எடுத்து, ‘தலைவருக்கு மட்டும் விலக்கு’ என்று எழுதிப் படத்துக்கு நின்றார். குழுவில் முதல் மாடிக்காரர், “அப்போ எங்களுக்குப் பட்டினி ஆர்டரா?” என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் சாப்பாட்டு ஆணை இரண்டையும் ரத்து செய்து மூன்றாவது ஆணை வந்தது.

எனக்கு நிம்மதி. அக்காவுக்கு இல்லை. “நாளைக்கு மறுபடியும் தூக்கம் கெட்டா? அவரு கையெழுத்து எனக்கு வாணாம்மா. எல்லாரும் கை தூக்கட்டும்.” பொதுக்குழு கூடியது. வீட்டில் சமைத்து விற்கலாம் என்பது சங்க விதியானது. முதலில் உயர்ந்தது தலைவரின் கை. கூட்டம் முடிந்தால்தான் கேரியர் வரும் என்று அக்கா சொல்லியிருந்தார்.

இப்போது பழைய தலைவர் பாரிஸில் மகளோடு இருக்கிறார். தலைவர் நான், செயலாளர் அக்கா. பதவியேற்ற அன்று பழைய ஆணைகளையெல்லாம் ஒரே கையெழுத்தில் ரத்து செய்தேன். அக்காவின் விதியைத் தொட என்னால் முடியாது, தொடும் எண்ணமும் இல்லை. ஆனால் போன வாரம் அலுவலகக் கூட்டத்தில் நான் வீட்டிலிருந்து பேசும்போது மேலே அக்காவின் மிக்ஸி அலறியது. ‘காலை வேளையில் மிக்ஸி ஓட்டக் கூடாது’ என்று எழுதி அக்காவிடம் நீட்டினேன்.

அவர் சிரிக்காமல் கேட்டார்: “தலைவரம்மா, இது நீயே போடலாமா, எல்லாரும் கை தூக்கணுமா?”

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. தோற்றுவிடுவேன் என்று தெரியும். இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் சாப்பிடுவது அந்த மிக்ஸி அரைத்த மசாலாவைத்தான். நானும்தான்.