உள்ளூர் வரலாற்று அலமாரியில் ஒரு காதல் நாவல்

டெலியா மேனியன் முப்பது வருடம் பிறர் வீட்டுப் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவள். அதில் பதின்மூன்று வருடம் டெவ்லின் குடும்பத்தின் கடற்கரை வீட்டில். ஓர் ஆளுநரையும் இரண்டு செனட்டர்களையும் கொடுத்த குடும்பம் அது. அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில், எங்கள் ஊர் நூலகத்தில் அவர்கள் தும்மினாலும் கோப்பில் ஏறும். ஏற்றியவள் நூலகரான நான்.

அந்தக் கோடையில் ஒரு நாவல் வந்தது. செனட்டர் மகனுக்கும் அயர்லாந்துச் சலவைக்காரிக்கும் காதல். டெவ்லின் என்ற பெயரை மாற்றியிருந்தார்கள், அவர்கள் வீட்டுப் படகுத்துறையை மாற்றவில்லை. கடைசியில் அவன் அவளுக்கு ஒரு சின்ன மரவீடு கட்டிக் கொடுக்கிறான். டெவ்லின் வீட்டில் அயர்லாந்துச் சலவைக்காரி என்று இருந்தவள் டெலியா ஒருத்திதான். அவள் குடியிருப்பதும் மரவீடு.

டெவ்லின்களைத் தொட்டு எது வந்தாலும் உள்ளூர் வரலாற்று அலமாரிக்குப் போக வேண்டும் என்பது நூலகக் கமிட்டியின் விதி. நாவலையும் யோசிக்காமல் அங்கேயே வைத்தேன்.

"என்ன டெலியா, வீட்டுச் சாவிய செனட்டர் மகன் உன் கையில குடுத்தாரா, இல்ல கொடிக்கயித்துல மாட்டிட்டுப் போனாரா?" என்று மீன்கடைக்காரன் கேட்டிருக்கிறான். வாங்கிய மீனை அங்கேயே போட்டுவிட்டு அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"வின்னி, அத அங்கேருந்து எடு."

"கமிட்டி விதி, மிசஸ் மேனியன். கதைதானே, விடுங்க."

"கதைன்னா கதை இருக்கற எடத்துல வை."

நான் எடுக்கவில்லை.

சனிக்கிழமை, நாவலை எழுதியவள் பாஸ்டனிலிருந்து வந்து நூலகத்தில் வாசித்தாள். கடல் பார்த்த துணிக்கொடி, காற்றில் விரிப்புகள், நடுவே முத்தம். டெலியா எழுந்தாள்.

"ஏம்மா, கடல் பக்கமா எவளாவது விரிப்பு காயப்போடுவாளா? உப்புக் காத்துல பிசுபிசுன்னு ஆயிடாது? கொடி பின்பக்கம், சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா இருந்துச்சு. உள்ள ஹன்னோரா சமைப்பா. அவ கண்ணுல படாம ஒரு ஈ அந்தப் பக்கம் பறக்காது. முத்தமாம், முத்தம்!"

கூட்டம் சிரித்தது. எழுதியவளும் சிரித்தாள். "பிரமாதம்! அடுத்த பதிப்புல சேத்துக்கறேன். ஆனா இது முழுக்கக் கற்பனைங்க."

"அப்ப என் வீடு? என் பிரான்சிஸ் பனிக்காலத்துல முழங்கால் கடல்தண்ணியில நின்னு மட்டிச் சிப்பி அள்ளி வித்துக் கட்டினது. உங்க புத்தகத்துல எனக்குப் புருஷனே இல்ல. அவன் எங்க போனான்?"

யாரும் சிரிக்கவில்லை. எழுதியவள் என்னைப் பார்த்தாள்.

"அடுத்த கேள்வி" என்றேன் நான். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

திங்கள் காலை கதவு திறக்குமுன் டெலியா வாசலில் நின்றாள். கையில் ஒரு கட்டு. மட்டி அள்ள ஊராட்சி வருடாவருடம் கொடுக்கும் அனுமதிச் சீட்டுகள், பத்தொன்பது. எல்லாவற்றிலும் பிரான்சிஸ் மேனியன்.

"முத்திரை இருக்கு பாரு. இது வரலாறா, இல்லையா?"

கமிட்டியைக் கேட்காமல் நாவலை எடுத்துக் காதல் கதைகளோடு வைத்தேன். அது இருந்த இடத்தில் சீட்டுகளை வைத்தேன். டெலியா நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குள் முப்பத்தொரு பேர் அந்த அலமாரியிலிருந்து நாவலை எடுத்துப்போய்ப் படித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இதுவரை அந்தச் சீட்டுகளைக் கேட்டதில்லை.