உதடு படாத தண்ணீர்

இன்று காலையும் ஒரு சிப்பரைச் சுவரில் எறிந்தேன். உடையவில்லை. உடையாமல் இருப்பதில் மட்டும் இந்தச் சாமான்களுக்கு ஒரு குறையும் இல்லை. மூடிக்குள் இன்னொரு மூடி, அதற்குள் ரப்பர் வால்வு, உறிஞ்சினால்தான் திறக்கும். உறிஞ்சத் தெம்பிருக்கிறவருக்கு எதற்குச் சிப்பர்? பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிப்போன என் வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

எங்கள் தாராவி வீட்டு அலமாரி முழுக்க இப்போது இதே கூத்துதான். மூக்கு வைத்த கப் ஒன்று, சாய்த்தால் மூடியே கழன்று மார்பெல்லாம் தண்ணீர். டம்ளரில் கொடுத்தாலோ பாதிக்கு மேல் விளிம்பு மூக்கில் இடிக்கும், தலையைத் தூக்கியாக வேண்டும். தூக்கினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு தடவை போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடிக்காவிட்டாலும் ஆபத்தாம். மான்குர்த்தில் இருக்கும் மகன், "இது பக்கா மா, லீக்கே ஆவாது" என்று புதிது புதிதாக வாங்கி அனுப்புகிறான். அவனும்தான் என்ன செய்வான், பாவம்.

இதையெல்லாம்விடப் பெரிய தொந்தரவு, அவர் வாய் வைத்துக் குடிக்க மாட்டார். அண்ணாந்துதான் குடிப்பார்.

சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் கல்யாணமே அதில் வந்ததுதான். அப்போது சட்டை தைக்கும் காரகானா ஒன்றில் பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் எண்ணெயும் புதுத்துணியும் கலந்த வாசனை, சுற்றிலும் இந்திப் பேச்சு. எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிளாஸ்டிக் ஜக். அதன் மூக்கைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் தண்ணீர் வரும். புதியவர்கள் சட்டையை நனைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் வாய் வைத்துவிடுவார்கள். "ஜூட்டா மத் கர்", எச்சில் பண்ணாதே என்று கட்டிங் மேஜையிலிருந்து ஒருவர் கத்துவார். முதல் நாள் நான் அந்த ஜக்கைத் தூக்கி ஒரு சொட்டுச் சிந்தாமல் மடமடவென்று குடித்தேன். அந்த ஆள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார்: "நீ நம்மூருப் பிள்ளயா?"

பிறகு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம். என் டம்ளரில் அவரோ அவர் டம்ளரில் நானோ வாய் வைத்ததில்லை. அது எங்களுக்குள் ஒரு மரியாதை.

பக்கவாதத்தில் பேரன் பெயர் மறந்துபோனது, மாஹிம் எந்தப் பக்கம் என்பது மறந்துபோனது. இது மட்டும் மறக்கவில்லை. கோப்பையை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வார். "எச்சி ஆயிரும்ட்டி" என்று குழறுவார். நல்ல கையால் பிடுங்கி மேலே தூக்கப் பார்ப்பார். நான் விட மாட்டேன். குழாயடியில் கூட நான் யாரிடமும் தண்ணீருக்கு இப்படி மல்லுக்கட்டியதில்லை. நேற்று வரை இதே பாடு. அழுகையும் ஆத்திரமுமாக எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது.

எறிந்த சிப்பரை எடுத்துக் கழுவி, வால்வு இளகட்டும் என்று நானே இரண்டு இழுப்பு இழுத்தேன். தண்ணீர் வந்தது. துடைக்க மறந்து அப்படியே அவர் வாயருகே கொண்டுபோனேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குனிந்தபடியே உதட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒரு வாய் இறங்கியது. இருமல் இல்லை. இன்னொரு வாய்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் வாய் வச்சதுங்க. எச்சி" என்றேன்.

யோசித்துப் பார்த்தார். "எச்சின்னா என்னதுட்டி?" என்றார்.

கும்பிட்ட சாமியெல்லாம் கேட்டதைக் கொடுத்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டார். குடித்தது யாரென்றுதான் எனக்குத் தெரியவில்லை.